நிற்காத ரதம்

அத்தியாயம் 6

காஞ்சிபுரத்தில் யாரும் எதையும் முதல் விலைக்கு வாங்குவதில்லை. துளசியின் துப்பறியும் நிலையத்துக்கு வருகிறவர்கள்கூட, "எங்க வீட்டுக்காரர் யார் கூட சுத்துறார்னு மட்டும் சொல்லுங்க, போட்டோ வேணாம், அதுக்குக் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்பார்கள்.

அன்று காலை வந்த பெண் பேரம் பேசவில்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை. மேஜைமேல் ஒரு தீப்பெட்டியை வைத்தாள். இன்னும் ஒரு குச்சிகூட எடுக்காத புதுப் பெட்டி.

"பேரு மட்டும் சொல்லுமா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

துளசி தீப்பெட்டியைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். பத்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பரிசோதித்தவள் அவள். எது முதலில் இடித்தது, எது பிறகு இடித்தது என்று பார்த்தவுடன் சொல்வாள். இந்தப் பெண்ணை ஏதோ ஒன்று மிக வேகமாக இடித்திருக்கிறது.

"சிகரெட் பழக்கம் உண்டா யக்கா?" என்று கேட்டான் கிறிஸ்டோபர். துளசியின் உதவியாளன். முன்பு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஆட்டோ எலக்ட்ரீஷியன். கைக்கு வந்த கஸ்டமரையெல்லாம் வாயால் துரத்திவிட்டு இங்கே வந்து சேர்ந்தவன்.

"கட கொளுத்தற பழக்கம்," என்றாள் அவள். "இனிமேதான் பழகணும்."

கிறிஸ்டோபர் வாயை மூடிக்கொண்டான். அபூர்வமான நிகழ்ச்சி.

அவள் பெயர் வடிவு. ஏனாத்தூர் காலேஜ் ஹாஸ்டலில் சமையல். புருஷன் முனிரத்தினம், பட்டுக்கடை குமரகுருவின் மின்னொளி ரதத்துக்கு இருபத்திரண்டு வருஷமாக டிரைவர். மாப்பிள்ளை அழைப்பு, சாமி ஊர்வலம், எது வந்தாலும் ஜீப்பின் பின்னால் அந்த ரதத்தை மாட்டி இழுத்துப் போவது அவர்தான். நாலு சக்கரம், ரெண்டு அன்னம், ஆயிரம் பல்பு, ரெண்டு டன் எடை.

ஆறு வாரம் முன்னால் மாகறலில் ஒரு கல்யாணம். போகிற வழியில் பாலம் இறங்குகிற சரிவில் முனிரத்தினம் பிரேக்கை மிதித்தார். ஜீப் நின்றது. ரதம் நிற்கவில்லை. ஜீப்பை முட்டி மடக்கி, பள்ளத்தில் தள்ளி, மேலே ஏறியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"போலீசு இன்னா சொல்லுதுன்னா, குடிச்சிட்டு ஓட்டினாராம். சட்டையில பிராந்தி வாசனையாம். மாலை போட்டுட்டு வந்த வருசத்துல இருந்து அவரு ஒரு சொட்டு தொட்டதில்லமா. அவரு இன்னா சொல்றாருன்னா, கெளம்பறதுக்கு முன்னாடி பிரேக்கு பொட்டியில லைட்டு எரியல, ஃப்யூசு போயிடுச்சி, மாத்தாம வண்டிய எடுக்க மாட்டேன்னு சொல்லிக்கினு இருந்தாராம். மொதலாளி, 'நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா முனி'ன்னு அனுப்சிருக்காரு. திரும்பி வந்தா லைட்டு எரியுது. 'சரியாப் போச்சுபா, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, எடு'ன்னு சொன்னாராம். இத்த யாரும் நம்ப மாட்டேன்றாங்க."

"எப்ப வரைக்கும் நேரம் இருக்குது?"

"நாளைக்கு காலைல ஆர்.டி.ஓ. ஆபீசுல லைசென்ச ரத்து பண்றாங்க. கால் போனவனுக்கு லைசென்சு எதுக்குன்னு கேக்காதமா. இருபத்திரண்டு வருசத்துல ஒரு கோழி மேல ஏத்தினதில்ல. அது அவரு பேரு."

துளசி தீப்பெட்டியை எடுத்து டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள்.

"இதான் அட்வான்ஸ். வேலை முடிஞ்சதும் திருப்பித் தரேன்."

"திருப்பித் தருவியா?"

"தருவேன். ஆனா பேரு தெரிஞ்சப்புறமும் நான் சொல்ற வரைக்கும் நீங்க எதையும் கொளுத்தக் கூடாது."

வடிவு தலையசைத்தாள். அந்த ஊரில் அன்று நடந்த ஒரே நேர்மையான வியாபாரம் அது.

*

ஜீப்பும் ரதமும் ஸ்டேஷன் பின்புறம் வேப்பமரத்தடியில் நின்றன. சப்-இன்ஸ்பெக்டர் இளவரசன் கையில் ரிப்போர்ட்டோடு வந்தார். எந்தக் கேஸும் சீக்கிரம் முடிந்தால் சந்தோஷப்படுகிற மனிதர்; முடிந்த கேஸைத் திறக்கிறவர்களைப் பார்த்தால் பல் வலிக்கும்.

"துளசி மேடம், வண்டி இன்ஸ்பெக்டர் பாத்துட்டார். ரத பிரேக் நல்ல நிலையில இருக்குதுன்னு எழுதிட்டார். பத்து நிமிஷம் தரேன், பாத்துட்டுக் கிளம்புங்க."

கிறிஸ்டோபர் ஜீப்புக்குள் புகுந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. குமரகுருவின் மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பூட்டியது. ஜீப் பிரேக்கை மிதித்தால் ஜீப் நிற்கும். பின்னால் வருகிற ரெண்டு டன்னுக்கு அது எப்படித் தெரியும்? தெரிவிக்கிற வேலைதான் இந்தப் பெட்டிக்கு. மிதிக்கிற மிதிக்குத் தகுந்த அளவு கரண்டை ரதச் சக்கரங்களுக்குள் இருக்கிற மின்காந்தங்களுக்கு அனுப்பும். காந்தம் இழுக்க, பிரேக் பிடிக்கும்.

"நாலு வயரு மேடம்," என்றான். "கறுப்புல சாப்பாடு வருது, பேட்டரியில இருந்து. வெள்ளை எர்த்து. மிதிச்சா சிவப்பு போய் சேதி சொல்லும். நீலம் ரதத்துக்குப் போய் வேலை செய்யும். எங்க வீடு மாதிரியே. எங்க வீட்ல நான் நீலம்."

"பெட்டியில லைட்டு?"

"பளிச்சுனு எரியுது."

பெட்டியில் கையால் தள்ளுகிற ஒரு சின்ன நெம்பு இருந்தது. ஜீப் பிரேக்கை மிதிக்காமலே ரதத்தை மட்டும் நிறுத்திப் பார்க்க. துளசி தன் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து ரதத்தின் சக்கரத்தோடு ஒட்டிப் பிடித்தாள். கிறிஸ்டோபர் நெம்பைத் தள்ளினான். வடக்கைக் காட்டிக்கொண்டிருந்த முள் பதறிப்போய் சக்கரத்தைக் காட்டியது. காந்தம் உயிரோடு இருக்கிறது. நாலு சக்கரத்திலும் அதே கதை. பெடலை மிதித்தும் பார்த்தார்கள். அதே கதை.

"ஒரு கோளாறும் இல்ல மேடம்," என்று இறங்கினான் கிறிஸ்டோபர். குரலில் நிஜமான வருத்தம். "புது மாப்பிள்ளை மாதிரி இருக்குது. முனிரத்தினம் அண்ணன்தான்..."

"அதுதான் கோளாறு," என்றாள் துளசி. "ஆறு வாரம் முன்னாடி லைட்டு எரியலைன்னார் முனிரத்தினம். இன்னைக்கு எல்லாம் எரியுது. கெட்டதைத் தேடாதே. ரொம்ப நல்லா இருக்கிறதைத் தேடு."

இளவரசன் கடிகாரத்தைப் பார்த்தார்.

துளசி ஜீப்புக்குள் தலையை நுழைத்தாள். ஸ்டியரிங் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். கியரில் ஒன்று. பிரேக் பெட்டியில் ஒன்று. பேட்டரி மூடியில் ஒன்று. போன ஆயுத பூஜைக்கு முனிரத்தினம் வைத்தவை. காய்ந்து வெடித்து, ஆனால் ஒட்டிக்கொண்டு இருந்தன. மனிதர் ஒரு திருகாணியைக்கூட விடவில்லை. கறுப்பு வயரின் நடுவே தொங்கிய ஃப்யூஸ் கூட்டுக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் கூடு. அடிப்பாகமும் திருகுகிற மூடியும் சேருமிடத்தில் சரியாகப் பொட்டு.

"இளவரசன் சார், இங்க வாங்க. இந்தப் பொட்டைப் பாருங்க."

பாதிப் பொட்டு மூடியில் இருந்தது. பாதி அடிப்பாகத்தில் இருந்தது. இரண்டு பாதியும் சேரவில்லை. கோபித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒன்று கிழக்கே பார்த்தது, ஒன்று மேற்கே.

"பூஜைக்குப் பிறகு யாரோ திறந்திருக்காங்க," என்றாள் துளசி. "திருகி மூடும்போது பொட்டு சேருதான்னு பாக்கலை. முனிரத்தினமா இருந்தா பாத்திருப்பார்."

கிறிஸ்டோபர் கூட்டைத் திறந்தான். உள்ளே பளபளவென்று புது ஃப்யூஸ். ஆனால் அதன் இருபுறமும் கூட்டின் சுவர் கரி பிடித்திருந்தது. புது ஃப்யூஸ், பழைய கரி. மூலையில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு உருண்டை. அதன்மேல் ஒரு துணுக்குத் தங்க நிறம்.

அவன் நகத்தால் அழுத்திப் பார்த்தான். நசுங்கவில்லை. முகர்ந்தான்.

"பிளாஸ்டிக் வாசனை," என்றான். சட்டென்று நிமிர்ந்தான். "மேடம்! ஜரிகை!"

இளவரசன் விழித்தார். "ஃப்யூஸ் இடத்துல ஜரிகையா?"

"ஃப்யூஸ் இல்லைன்னா ஜனங்க செப்புக் கம்பி சொருகறதில்லையா சார்? பட்டுக்கடைக்காரன் கைக்கு எது எட்டும்? நாலஞ்சு இழை ஜரிகையை முறுக்கிச் சொருகினா லைட்டு எரியும். கடைத்தெருவுல மெதுவா மிதிச்சா தாங்கும். பாலத்துச் சரிவுல மொத்தமா மிதிச்சா நாலு காந்தமும் ஒரே நேரத்துல கரண்டை இழுக்கும். அரை நொடி. பொசுக்."

"அப்புறம் போலீஸ் வரதுக்கு முன்னாடி புது ஃப்யூஸ்," என்றாள் துளசி. "மயங்கிக் கிடந்தவர் சட்டையில பிராந்தி."

இளவரசன் உருண்டையை ஒரு கவரில் போட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். பல் வலி முகத்தில் தெரிந்தது.

"மேடம், ஊர்ல பொறந்த குழந்தைக்கும் இந்தச் சோதனை தெரியும். அசல் ஜரிகைக்கு உள்ள பட்டு நூல், எரிச்சா முடி கருகின வாசனை வரும், பொடியாயிடும். டூப்ளிகேட்டுக்கு மேல காப்பர், உள்ள பாலியஸ்டர், உருகி உருண்டையாயிடும். இது உருண்டை. டூப்ளிகேட். குமரகுரு கடை வாசல்ல என்ன போர்டு?"

கிறிஸ்டோபர் மனப்பாடமாகச் சொன்னான். "'அசல் ஜரிகை மட்டுமே. மற்றவை மற்ற கடைகளில்.'"

"அப்ப? டூப்ளிகேட் என்கிட்ட ஏதுன்னு கேப்பார். இந்த உருண்டை அவரைப் பிடிச்சுத் தராது, காப்பாத்தித்தான் விடும்."

துளசி கைத் தூசியைத் தட்டிக்கொண்டாள்.

"உண்மையைச் சொன்னா தப்பிச்சிடுவார்," என்றாள். "அதனால பொய் சொல்லணும். சார், உங்க வீட்டம்மாவுக்குப் பட்டு எடுத்து எவ்வளவு நாளாச்சு?"

*

ஆவணி முகூர்த்தக் கூட்டம். குமரகுருவின் கடையில் மூன்று கல்யாண வீடுகள் பாயில் உட்கார்ந்து புடவைகளைப் புரட்டிக்கொண்டிருந்தன. ஓர் ஓரத்தில் லுங்கியும் கட்டம் போட்ட சட்டையுமாக இளவரசன். விற்பனைப் பையன் அவர் தோளில் ஒரு ரோஜா நிறப் புடவையைப் போர்த்தி, "சார் நிறத்துக்கு எடுப்பா இருக்குது, அக்காவுக்கும் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

குமரகுரு கல்லாவில் இருந்தார். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெல்லம்.

"வாங்கம்மா, வாங்க. காபி சொல்லட்டுமா? அடடே, வடிவு! முனி எப்படி இருக்கான்?"

வடிவு கல்லாவை நெருங்கி நின்றாள். அவள் அரக்கு நிறப் பட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கடைக்குப் போகிறோம் என்று துளசி சொன்னதும், நேராக வீட்டுக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்தது.

துளசி கல்லாமேல் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தாள். மேலே சிவப்பு அரக்கு முத்திரை.

"வாங்க வரலைங்க. ஒரு தகவல் சொல்ல வந்தேன். உங்க ரதத்து ஃப்யூஸ் கூட்டுல இது கிடைச்சுது. வெள்ளிக் கம்பி, தங்க முலாம், உள்ள சிவப்புப் பட்டு நூல். சுத்தமான அசல் ஜரிகை."

குமரகுருவின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் பொட்டலத்துக்குப் போய்வந்தது.

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஊர்ல அசல் வெச்சிருக்கறது நீங்க ஒருத்தர்தான்னு உங்க போர்டே சொல்லுது. யோசிச்சுப் பாருங்க. அவசரத்துக்குச் சொருகறவன் கையில கிடைச்ச குப்பையைச் சொருகுவான். அசலைத் தேடி எடுத்து, அளவு பாத்து முறுக்கி வெக்கறவன் திட்டம் போட்டு வெக்கறான். முனிரத்தினத்தைக் கொல்லறதுக்கு. கொலை முயற்சி. பத்து வருஷம்."

"பத்தா!" என்றார் குமரகுரு.

பாயில் இருந்த ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா புடவையைப் புரட்டுவதை நிறுத்தினாள்.

"அநியாயமா இருக்குதே. பத்து வருஷமாம்! ஏம்மா, சொல்றதுக்கு ஒரு நியாயம் வேணாமா?"

"திட்டம் போட்டதுக்கு அதான் ரேட்டு. குறைக்க முடியாது."

குமரகுரு நாலு தலைமுறைக் கடைக்காரர். ஒருவர் ஒரு விலை சொன்னால் அவர் வாய் தானாகத் திறந்து அதில் பாதியைச் சொல்லும். தூக்கத்திலும் சொல்லும். சுடுகாட்டிலும் விறகுக்குச் சொல்வார்.

"திட்டமெல்லாம் ஏதும்மா? முனி எனக்குத் தம்பி மாதிரி."

"அசல் ஜரிகை பொய் சொல்லுமா?"

"எங்க இருக்குது அசல்? நாலு இழை காப்பர், அதுவும் வெட்டிப் போட்ட துண்டு. மாப்பிள்ளை வீட்ல போன்மேல போன். முகூர்த்தம் தவறிடுமேன்னு ஒரு அவசரத்துக்குச் சொருகினதுக்குப் போய்..."

பேச்சு நின்றது.

விலை கேட்டுவிட்டு எழுந்து போகிறவன் வாங்காதவன். குறைத்துக் கேட்டவன் வாங்கிவிட்டான். இதை அந்தக் கல்லாவில் உட்கார்ந்து ஊருக்கே சொன்னவர் குமரகுருதான்.

"பொட்டலத்தை நான் இன்னும் பிரிக்கவே இல்லைங்க," என்றாள் துளசி.

கிறிஸ்டோபர் முத்திரையை உடைத்தான். உள்ளே மந்தாரை இலையில் ஒரு துண்டுக் கோயில் இட்லி. அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "மத்தியானச் சாப்பாடு. மிளகு கொஞ்சம் தூக்கல்."

ரோஜா நிறப் புடவையோடு இளவரசன் எழுந்து வந்தார். கையில் செல்போன், திரையில் சிவப்புப் புள்ளி ஓடிக்கொண்டிருந்தது. "முழுசா பதிவாயிடுச்சு குமரகுரு சார். ஒரே ஒரு சந்தேகம். முனிரத்தினம் சட்டையில ஊத்தின பிராந்தி, அது அசலா, டூப்ளிகேட்டா?"

குமரகுரு கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். போலீஸைப் பார்க்கவில்லை. நேராக வடிவிடம் வந்தார். விலை எங்கே படியும் என்று தெரிந்த மனிதர்.

"வடிவு, நீ சொன்னா கேப்பாங்க. நான் உங்களுக்கு என்ன குறை வெச்சேன்? உன் பொண்ணு அபிநயா கல்யாணத்துல மைக் வெச்சு, அத்தனை பேர் முன்னாடி, உனக்கு அசல் பட்டு போத்தினேனே. மறந்துட்டியா?"

"மறக்கல," என்றாள் வடிவு. "அத்தத்தான் கட்டிக்கினு வந்துகிறேன்."

அவள் துளசியின் பக்கம் கை நீட்டினாள். "வேல முடிஞ்சிச்சா மா?"

துளசி ஒரு கணம் தயங்கினாள். சுற்றிலும் கூரை வரைக்கும் பட்டு. கிறிஸ்டோபர் மெல்ல வாசல் பக்கம் தண்ணீர் கேனை நோக்கி நகர்ந்தான். ஆனால் வாங்கிய அட்வான்ஸைத் திருப்பித் தருவதாகச் சொன்னது சொன்னதுதான். கைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

வடிவு முந்தானையை முன்னால் இழுத்தாள். ஓரத்திலிருந்து ஒரு ஜரிகை இழையை நகத்தால் பிரித்து உருவினாள். குச்சியைக் கிழித்தாள்.

இழை சுருண்டது. முடி கருகின வாசனை வரவில்லை. பிளாஸ்டிக் வாசனை வந்தது. நுனியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு உருண்டை.

அவள் அதைக் கல்லாமேல் வைத்தாள்.

"ஃப்யூசு கூட்டுல இருந்ததும் இதானே?"

"இதேதான் யக்கா," என்றான் கிறிஸ்டோபர். முதல்முறையாக அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"அவரு காலை எடுத்ததும் இதான். எனக்கு மருவாதி பண்ணதும் இதான்." வடிவு குமரகுருவை நிமிர்ந்து பார்த்தாள். "அவருகிட்ட உண்மைய ஒத்துக்கினு இருந்தின்னா, இத்தப் பாத்துட்டு நான் வாய மூடிக்கினு போயிருப்பேன். குடிகாரன்னு சொன்னே பாரு."

"என்ன வேணும்னு கேளு வடிவு. அசலா ஒண்ணு இல்ல, மூணு பட்டு..."

"உன்கிட்ட அசல் ஏது?"

பாயில் இருந்த கல்யாணப் பெண்ணின் அம்மா எழுந்து வந்தாள். ஆறு மணி நேரம் தேர்ந்தெடுத்த முகூர்த்தப் புடவை கையில். முந்தானையை வடிவிடம் நீட்டினாள்.

வடிவு இரண்டாவது குச்சியைக் கிழித்தாள்.

"கடைக்குள்ள நெருப்பு கொளுத்தக் கூடாதும்மா," என்று இளவரசன் சட்டப்படி சொன்னார். சொல்லிவிட்டு, சட்டப்படி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கறுப்பு உருண்டை விழுந்ததும் அந்த அம்மா போட்ட சத்தத்தில் மற்ற இரண்டு பாய்களும் காலியாயின. வெளியே போகிறவர்கள் எல்லாரும் போர்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

*

மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் முனிரத்தினத்தின் லைசென்ஸ் ரத்தாகவில்லை. 'மது' என்ற வார்த்தையை இளவரசனே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். குமரகுரு உள்ளே இருந்தார். கடையை அவருடைய மச்சான் திறந்து வைத்திருந்தான். முகூர்த்த மாதத்தில் கடை மூடினால் சாமி குத்தம் என்பது அவர்கள் வீட்டுச் சட்டம்.

சந்தோஷச் செய்தியைச் சொல்லப் போன கிறிஸ்டோபர், வடிவை வீட்டில் காணாமல் கடைசியில் கடைக்கு எதிர்ப் படியில் கண்டுபிடித்தான். அதே அரக்குப் புடவை. காலடியில் தண்ணீர் பாட்டில், ஒரு குடை.

"ஹாஸ்டல்ல வேலை இல்லையா யக்கா?"

"ஆவணி முழுக்க லீவு சொல்லிட்டேன்."

"அந்தாளு ஜெயிலுக்குப் போயாச்சு. முனி அண்ணன் பேரு திரும்பி வந்தாச்சு. இன்னும் இன்னாத்துக்கு இங்க வெயில்ல?"

"அவருக்கு பேரு வந்திடுச்சிபா. இவனுக்கு இன்னும் போவல." அவள் போர்டைத் தாடையால் காட்டினாள்.

கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வெற்றிலைத் தட்டும் மஞ்சள் பையுமாக ஒரு கல்யாண கோஷ்டி இறங்கியது. மச்சான் கும்பிட்டுக்கொண்டே ஓடிவந்தான். வடிவு எழுந்தாள், புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள், தீப்பெட்டியைக் காதருகே வைத்து ஒருமுறை குலுக்கிப் பார்த்தாள்.

"எத்தினி நாளைக்கு யக்கா?"

"முகூர்த்தம் இன்னும் ஒம்பது இருக்குது," என்றாள் வடிவு, சாலையைக் கடந்துகொண்டே. "குச்சி முப்பத்தெட்டு."